மலையைச் சுற்றி ஒரு நாள்: மாவுயித் தீவின் ஹானாச் சாலை



பசிபிக் மாகடலின் படத்தை விரித்துப் பார்த்தால், பெரும் நீலப் பரப்பின் நடுவே எள்ளை இறைத்ததுபோல் சில புள்ளிகள் தெரியும். அவைதாம் ஹவாய்த் தீவுகள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் வழிகாட்டியாகக் கொண்டு, இரட்டைத் தோணிகளில் ஆயிரக்கணக்கான மைல் கடந்துவந்த பொலினீசிய மக்கள் அங்கே குடியேறினார்கள். வாழை, தென்னை, ஈரப்பலா, கரும்பு ஆகியவற்றோடு, நாம் கிளாடி என்று சொல்கிறோமே, அந்தச் சேப்பங்கிழங்கையும் கொண்டுவந்து நட்டார்கள். அவர்களுடைய அரசு 1893-ஆம் ஆண்டில் கவிழ்க்கப்பட்டது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு சேர்க்கப்பட்டன. 1959 முதல் ஹவாய், அமெரிக்க நாட்டின் ஐம்பதாவது மாநிலமாக இருந்து வருகிறது.

இத்தீவுகளுள் இரண்டாவது பெரியது மாவுயி. அதன் பரப்பு ஏறத்தாழ 1,880 சதுர கிலோமீட்டர். நம் மலாக்கா மாநிலத்தைவிடச் சற்றே பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தீவின் கிழக்குப் பாதியைக் காலையில் புறப்பட்டு இரவுக்குள் காரில் சுற்றி வந்துவிடலாம். அதற்கென்றே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அருவிகளையும் கருமணற் கரைகளையும் மூங்கிற் காட்டையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள்.

அந்தப் பயணத்தைத்தான் இன்று நாம் மேற்கொள்ளப் போகிறோம். ஆனால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கண்ணுக்கு அந்த வழியில் இன்னொன்றும் தெரியும். அங்குள்ள சாலை, பாலம், ஊர் ஆகியவற்றில் பெரும்பாலானவை தோட்டத் தொழிலை ஒட்டிப் பிறந்தவை. தண்ணீர் யாருக்கு, நிலம் யாருக்கு, வீடு யாருக்கு என்னும் மூன்று கேள்விகள் அந்த வழி நெடுகிலும் நம்மோடு வரும்.

புறப்படுமுன் தீவின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். இரண்டு எரிமலைகளும் அவற்றை இணைக்கும் ஒரு சமவெளியும் சேர்ந்ததே மாவுயி. கிழக்கே உள்ள பெரிய மலையின் பெயர் ஹலேயாகலா. அதன் உயரம் 3,055 மீட்டர். நம் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாஹான் 2,187 மீட்டர்தான். ஹலேயாகலா என்றால் 'சூரியனின் வீடு' என்று பொருள். முன்னொரு காலத்தில் சூரியன் வானத்தை மிக விரைவாகக் கடந்துவிட்டதாம். மரப்பட்டையிலிருந்து செய்த துணி காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறதே என்று ஒரு தாய் வருந்தினாளாம். அவளுடைய மகனாகிய மாவுயி என்னும் வீரன் இம்மலையுச்சியில் ஏறி நின்று, கதிர்களைக் கயிற்றால் கட்டிப் பிடித்து, "மெதுவாகப் போ" என்று சூரியனைப் பணியவைத்தான் என்பது அம்மக்களின் பழங்கதை.

அறிவியல் முறையில் பார்த்தால், அம்மலை கட்டிப் பிடிப்பது மேகத்தை. ஆண்டின் பெரும்பகுதியில் வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசுகிறது. மலையில் மோதி மேலே எழும் காற்று குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டும்போது அதில் ஈரம் மிச்சமிருப்பதில்லை. ஹலேயாகலாவின் வடகிழக்குச் சரிவில் ஓரிடத்தில் ஆண்டுக்குச் சராசரி 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழைக்குப் பெயர்போன நம் தைப்பிங் பெறுவது ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். ஆனால் மலையின் மறுபுறத்துக் கடற்கரையில் உள்ள கிஹேய் என்னும் ஊரிலோ 300 மில்லிமீட்டர்கூட எட்டுவதில்லை. மழை ஒரு பக்கம், உழுவதற்கேற்ற சமவெளி மறு பக்கம். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் இன்று காணப்போகும் மற்ற அனைத்தும் எளிதில் விளங்கும்.

நம் பயணம் சமவெளியில் உள்ள கஹுலுயி நகரில் தொடங்குகிறது. விமான நிலையமும் துறைமுகமும் இங்கேதான். அருகில் பூனேனே என்னும் இடத்தில் புகைபோக்கிகளோடு நிற்கும் பெரிய கட்டடம், ஒரு காலத்தில் ஹவாயின் புகழ்பெற்ற சீனி ஆலையாக இருந்தது. சுற்றிலும் ஏறத்தாழ 36,000 ஏக்கர் கரும்பு. 1835-இல் ஹவாயில் பெரிய அளவில் தொடங்கிய கரும்புத் தோட்டத் தொழில், 1876-இல் அமெரிக்கச் சந்தையில் சுங்கவரி நீங்கியதும் மிக வேகமாக வளர்ந்தது.

கரும்பு வளர்ந்தால் ஆள் வேண்டுமல்லவா? வெளிநாட்டவர் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்களின் தொகை பெரிதும் குறைந்துவிட்டிருந்தது. ஆகவே கப்பல் கப்பலாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1852-இல் சீனர்கள், 1878-இல் போர்த்துக்கீசியர்கள், 1885 முதல் பெருந்தொகையில் ஜப்பானியர்கள், 1900-இல் போர்ட்டோ ரிக்கோ நாட்டார், 1903-இல் கொரியர்கள், 1906 முதல் பிலிப்பீன் மக்கள் என அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு ஓடினால் சிறைத் தண்டனை உண்டு. அந்த ஒப்பந்த முறை 1900-இல்தான் ஒழிந்தது.

ஒவ்வோர் இனத்தாருக்கும் தனித்தனிக் குடியிருப்பு. ஒரே வேலைக்கு இனத்துக்கு ஓர் ஊதியம். தொழிலாளியின் பெயரை யாரும் எழுதுவதில்லை. எண் பொறித்த ஓர் உலோக வில்லையை அவர் அணிந்திருக்க வேண்டும். அதற்குப் 'பாங்கோ' என்று பெயர். சம்பளம் வாங்கவும் கடையில் பற்று வைக்கவும் அந்த எண்தான். குதிரைமேல் அமர்ந்து வேலை வாங்குபவருக்கு 'லூனா' என்று பெயர். நம் வழக்கில் கங்காணி என்றோ மண்டோர் என்றோ சொல்லலாம்.

இனம் இனமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால், வேலை நிறுத்தமும் இனம் இனமாகவே நடந்தது. ஓர் இனத்தார் வேலையை நிறுத்தினால், மற்றோர் இனத்தாரைக் கொண்டு வேலையை நடத்திவிடுவார்கள். 1937-இல் பூனேனேயில் பிலிப்பீன் தொழிலாளர் தனித்து நடத்திய போராட்டமே அத்தகைய போராட்டங்களுள் கடைசி. அதன்பின் எல்லா இனத்தாரும் ஒரே தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 1946-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹவாய் முழுவதிலும் 33 கரும்புத் தோட்டங்களில் ஏறத்தாழ 26,000 தொழிலாளர்கள் 79 நாட்கள் வேலையை நிறுத்தி வெற்றி கண்டார்கள். வீடு, விறகு, வைத்தியம் ஆகியவற்றைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்குக் காட்டிவந்த பழைய முறை அப்போது ஒழிந்தது. உழைப்புக்கு முழுப் பணமாகச் சம்பளம் என்றாயிற்று.

இதன் விளைவை இந்தக் கஹுலுயி நகரிலேயே காணலாம். 1950 முதல் தோட்ட நிறுவனத்தார் இங்கே ஒரு புதிய நகரை அமைத்து, வீடுகளை நிலத்தோடு சேர்த்துத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். மக்கள் அதைக் 'கனவு நகரம்' என்று அழைத்தார்கள். பழைய தோட்டக் குடியிருப்புகள் படிப்படியாக மறைந்தன. பூனேனே ஆலை 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் தன் கடைசி அறுவடையை முடித்து மூடப்பட்டது. ஹவாயின் கடைசிச் சீனித் தோட்டம் அதுதான். அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அது பெரிய அடிதான். ஆயினும், தோட்டத்தோடு கூரையும் போய்விடும் என்ற நிலை அங்கே அப்போது இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொழிலாளர் பலர் சொந்த வீட்டுக்காரர்களாக ஆகியிருந்தார்கள். தோட்டம் மூடப்படும் செய்தியைக் கேட்டால் முதலில் வீட்டை நினைத்துக் கலங்கும் நம் குடும்பங்களுக்கு, இதன் அருமை சொல்லாமலே புரியும்.

இனி கிழக்கு நோக்கிச் செல்வோம். பயியா என்னும் சிற்றூரைக் கடக்கிறோம். 1880-இல் தொடங்கிய இவ்வூர் ஆலை 2000-இல் மூடப்பட்டது. இங்கிருந்து சாலை கடலோரமாகச் சென்று, பின்னர் மலைச்சரிவில் ஏறுகிறது. கஹுலுயியிலிருந்து ஹானா 52 மைல், அதாவது ஏறத்தாழ 84 கிலோமீட்டர். இந்தத் தொலைவுக்குள் சுமார் 620 வளைவுகள், 59 பாலங்கள். பாலங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்பதும், வேலைக்கு விரையும் உள்ளூர்க்காரரை ஒதுங்கி நின்று முன்னே அனுப்புவதும் அங்கே எழுதாத சட்டம். நிற்காமல் ஓட்டினாலே ஹானா சேர இரண்டரை மணி நேரமாகும்.

சாலையின் ஓரத்தில் கூர்ந்து பாருங்கள். பாறையைக் குடைந்து செல்லும் கால்வாய்களும், தண்ணீரைத் திருப்பிவிடும் சிறு அணைகளும் ஆங்காங்கே தென்படும். மழை பெய்யும் சரிவிலிருந்து வறண்ட சமவெளிக் கரும்புக்குத் தண்ணீர் கொண்டுசெல்ல வெட்டிய கால்வாய்கள் இவை. முதற் பெரும் கால்வாய் 1876 முதல் 1878 வரை வெட்டப்பட்டது. அதை வெட்டுவித்த தோட்ட முதலாளிகளில் ஒருவர் ஹென்றி பால்ட்வின். ஆலை இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தவர். மாலிக்கோ என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கில் கயிற்றைப் பிடித்து இறங்கத் தொழிலாளர்கள் அஞ்சியபோது, அவர் ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றி இறங்கிக் காட்டினார் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் செய்தி. முதலாளியின் துணிவு கதையாயிற்று. நாள்தோறும் அதே கயிற்றில் இறங்கி ஏறிய தொழிலாளர்களின் பெயர்கள் அந்தக் கதையில் இல்லை. பின்னர் மேலும் பல கால்வாய்கள் சேர்ந்து, சுரங்கங்கள் உட்பட ஏறத்தாழ 74 மைல் நீளத்துக்கு இந்த நீர்வழி வளர்ந்தது.

இந்தச் சாலைக்கும் அந்தக் கால்வாய்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கால்வாய் வேலைக்காகவும் பராமரிப்புக்காகவும் வெட்டிய தடங்கள் மலைக்காட்டைத் திறந்துவிட்டன. அதன்பின் பாலம் பாலமாகக் கட்டி, 1926-ஆம் ஆண்டில் ஹானா வரை வண்டிச் சாலை திறக்கப்பட்டது. அதுவரை ஹானாவுக்குச் சாமான்கள் கப்பலில்தான் போயின. சாலை வேலையில் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டார்கள். அவர்கள் தங்கிய முகாம் கெயானாய் என்னும் ஊருக்கு அருகில் இருந்தது.

இப்போது அந்தக் கெயானாய்க்கே வந்துவிட்டோம். பிரதான சாலையிலிருந்து இடப்புறம் இறங்கினால், கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு சிறு நிலமுனை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான இந்த நிலத்தில் முதலில் மண்ணே இல்லையாம். ஒரு தலைவன் மக்களை ஏவி, பள்ளத்தாக்கிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்துவந்து கொட்டச் செய்தான் என்றும், அதற்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன என்றும் சொல்வார்கள். அந்த மண்ணில்தான் இன்றும் சேம்பு விளைகிறது. 1946 ஏப்ரல் முதல் நாளன்று வந்த ஆழிப்பேரலை இவ்வூரை அழித்தபோது, எரிமலைக் கல்லால் கட்டிய பழைய தேவாலயம் மட்டும் நிலைத்து நின்றது.

சேம்பு வயலைப் பார்த்தால் நம் நெல்வயல் நினைவுக்கு வரும். வரப்பு கட்டிய சதுரங்கள், அவற்றில் ஓடும் தண்ணீர், மேலே அகன்ற பச்சை இலைகள். கிழங்கை அவித்து இடித்துப் 'போய்' என்னும் களிபோன்ற உணவைச் செய்கிறார்கள். சேம்பை ஹவாய் மக்கள் வெறும் பயிராகக் கருதுவதில்லை. மனித குலத்தின் மூத்த உடன்பிறப்பு என்றே தங்கள் பழங்கதையில் போற்றுகிறார்கள். இந்தச் சேம்புக்குக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நீர் தேங்கிச் சூடேறினால் கிழங்கு அழுகிவிடும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. மேலே ஓடைகளின் நீரைக் கால்வாய்கள் சமவெளிக்குத் திருப்பிவிட்டதால், கீழே சேம்பு வயல்கள் காய்ந்தன. தலைமுறை தலைமுறையாக உழுத சிலர் வயலைக் கைவிட்டுப் போனார்கள். கெயானாய், வைலுவா ஊர்களின் குடியானவர்கள் 2001-இல் மாநில நீர் ஆணையத்திடம் மனுச் செய்தார்கள். வழக்கு பதினேழு ஆண்டுகள் நீண்டது. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆணையம் தன் முடிவை அறிவித்தது. சேம்பு விளையும் பகுதிகளுக்கான பத்து ஓடைகளில் நீரை முழுமையாகத் திரும்ப விடவேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. கவனியுங்கள், இதில் இரு பக்கத்திலும் உழைப்பாளிகளே இருந்தார்கள். கரும்புத் தொழிலாளியின் சம்பளமும் அதே தண்ணீரில்தான் விளைந்தது. ஆனால் தண்ணீரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்தவர்கள் அந்த இருவரில் எவருமல்லர்.

மீண்டும் சாலைக்கு ஏறி மேலும் சில மைல் போனால், நாஹிக்கு என்னும் சிற்றூருக்கு இறங்கும் கிளைப்பாதை வரும். இருபுறமும் அடர்ந்த காடு. அந்தக் காட்டினூடே நிற்கும் சில மரங்களைக் கண்டால் நம்மவர்கள் நின்றுவிடுவார்கள். ஆம், நேயர்களே, அவை நம் பால்மரங்கள்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது. அப்போது நாஹிக்குவில் ரப்பர் நட்டார்கள். அமெரிக்க மண்ணில் தொடங்கிய முதல் ரப்பர்த் தோட்டம் இதுவே என்பர். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அது மூடப்பட்டது. பால் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. கூலிச் செலவோ அதிகம். மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சந்தைக்கு வந்த ரப்பரோடு அதனால் போட்டியிட இயலவில்லை. மழை பெய்தால் பால்வெட்டு நின்றுபோகும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். மழைக்கு ஓய்வே இல்லாத சரிவில் பால்மரத் தொழில் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். மலாயா ரப்பரின் விலை குறைவாக இருந்ததற்கு ஒரு காரணம், இங்கே பால்வெட்டியவர்களின் கூலி குறைவாக இருந்தது. அந்தக் கைகளில் மிகப் பல நம் முன்னோரின் கைகள்.

ஹானாவை நெருங்கும்போது வையானபனபா பூங்கா வருகிறது. இங்கே கடற்கரை மணல் கரிபோல் கறுத்திருக்கும். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையை அலைகள் மோதி மோதிப் பொடியாக்கியதால் உண்டான மணல் அது. கூட்டம் மிகுந்துவிட்டதால், வெளியூரார் முன்பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போகமுடியும்.

ஹானா அமைதியான சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறாண்டு காலம் இங்கும் கரும்பே வாழ்வாக இருந்தது. 1940-களில் கரும்புத் தொழில் முடிவுற்றது. நிலத்தை வாங்கிய பால் ஃபேகன் என்னும் செல்வர் மாட்டுப் பண்ணை வைத்தார். 1946-இல் ஒரு ஹோட்டலையும் திறந்தார். பலர் பிழைப்புத் தேடிச் சமவெளிக்குப் போனார்கள். எஞ்சியவர்களில் சிலருக்குப் பண்ணையிலும் ஹோட்டலிலும் வேலை கிடைத்தது. ஜப்பானியக் குடும்பம் ஒன்று 1910-இல் தொடங்கிய ஹசெகாவா பலசரக்குக் கடை இங்கே பெயர்பெற்றது. கடை 1990-இல் தீயில் எரிந்தும், மீண்டும் ஊரின் பழைய திரையரங்குக் கட்டடத்தில் திறக்கப்பட்டது.

ஹானாவுக்கு அப்பால் பத்து மைல் சென்றால் ஒஹேயோ ஓடை. குளத்துக்குக் கீழே குளமாக, படிப்படியாகக் கடலில் இறங்குகிறது. மேலே மூங்கிற் காட்டின் நடுவே நடந்துபோனால், நானூறு அடி உயரத்திலிருந்து விழும் அருவியைக் காணலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் மழை கொட்டும். சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து வந்துவிடும். தண்ணீரின் நிறம் மாறினாலோ மட்டம் உயர்ந்தாலோ உடனே கரையேற வேண்டும். நம் நாட்டு அருவிகளுக்கும் இந்த அறிவுரை பொருந்தும்.

வந்த வழியே திரும்பாமல் மலையைச் சுற்றியே போவோம். சாலை குறுகுகிறது, சில இடங்களில் கரடுமுரடாக இருக்கிறது. காவுப்போ என்னும் பகுதியைக் கடக்கும்போது, யாரோ திரையை விலக்கியதுபோல் காட்சி மாறிவிடும். காடு மறைகிறது. காய்ந்த புல், கருங்கல், மாடுகள், அப்பால் நீலக் கடல். மலையின் மழைமறைவுப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு முன் அருவிச் சாரலில் நனைந்தவர்கள் இப்போது புழுதியைத் துடைத்துக்கொள்கிறோம்.

மாலையில் குலா என்னும் மேட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்தி, கீழே உள்ள சமவெளியைப் பார்ப்போம். முன்பு கரும்பு அசைந்த நிலம் அது. 2018-இல் வேறொரு நிறுவனம் அந்நிலத்தை வாங்கி, எலுமிச்சை வகைகள், காப்பி முதலியவற்றைப் பயிரிட்டு வருகிறது. ஆனால் தீவில் தோட்டங்கள் மூடிய இடமெல்லாம் மறுபடி பயிரேறிவிடவில்லை. பல இடங்களில் வெளிநாட்டுப் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்றது. 2023 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பலத்த வறண்ட காற்று வீசியபோது, குலாவிலும் தீ பற்றி வீடுகளை எரித்தது. தீவின் மேற்கே, ஒரு காலத்தில் சீனி ஆலை ஊராக இருந்த லஹாயினாவில், அறுந்து விழுந்த மின்கம்பியிலிருந்து எழுந்த தீ காய்ந்த புல்லில் பற்றி ஊரையே அழித்தது. நூற்றிரண்டு உயிர்கள் மாண்டன. பயிரை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அந்த நிலத்தைக் காப்பது அதன்பின் ஒவ்வொரு நாளும் வேலை.

நூறு மைலுக்குச் சற்று மேல் சுற்றி, இருட்டும் வேளையில் மீண்டும் கஹுலுயிக்கு வந்துவிட்டோம். தண்ணீரைப் பற்றிய கேள்விக்குச் சேம்பு வயல்காரர்கள் பதினேழு ஆண்டுகள் விடாது கேட்டு ஒரு விடை பெற்றார்கள். வீட்டைப் பற்றிய கேள்விக்குக் கரும்புத் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு நின்றதால், தோட்டம் நன்றாக நடந்த நாளிலேயே ஒரு விடை கிடைத்தது. நிலத்தைப் பற்றிய கேள்வி இன்னும் தீரவில்லை.

பூனேனேயில், ஆலை அதிகாரி ஒருவர் குடியிருந்த வீட்டை 1987-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எண் பொறித்த வில்லைகள், வேலைக்கருவிகள், குடியிருப்புகளின் படங்கள் போன்றவற்றின் வழியே தோட்ட வாழ்க்கையை இன்றைய பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்கிறார்கள். நம் தோட்டங்களுக்கும் சாலைகள் உண்டு, பாலங்கள் உண்டு, தண்ணீர்க் கால்வாய்கள் உண்டு. அவற்றை வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளே, இந்த வார விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: நம் தோட்டத்துச் சாலையை வெட்டியவர் யார்? எந்த ஆண்டில்? முதல் லயம் எங்கே இருந்தது? கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில், பெயரும் ஊரும் ஆண்டுமாக எழுதி வையுங்கள்.